எண்ணிட்ட தீர்மானங்களும் எண்ணில்லா நிகழ்வுகளும்: ஐக்கிய நாடுகள் அமைப்பு பற்றிய விக்கித்திட்டம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைக்களஞ்சியம் என்பது ஒரு காலத்தின் அறிவை வரிசைப்படுத்தித் தரும் முயற்சியாகும். எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, எதற்கு எத்துணை இடமளிப்பது என்னும் முடிவுகளே அதன் இயல்பைத் தீர்மானிக்கின்றன. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் இம்முடிவுகளை ஓர் ஆசிரியர் குழு எடுத்தது. 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவில் அத்தகைய குழு இல்லை. விருப்பமுள்ள எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்பது அதன் அடிப்படை. எனினும் முற்றிலும் ஒழுங்கற்ற நிலையில் இலட்சக்கணக்கான கட்டுரைகள் உருவாக இயலாது. ஒரே துறையில் ஆர்வமுடைய தன்னார்வலர்கள் ஒன்றுகூடிப் பணிகளைப் பகிர்ந்துகொள்வதற்காக அமைத்துக்கொண்ட ஏற்பாடே 'விக்கித்திட்டம்' எனப்படுவது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஐக்கிய நாடுகள் அமைப்புக்கெனத் தனியே ஒரு விக்கித்திட்டம் உண்டு. அத்திட்டத்தின் பணிமுறையையும், அத்துறையில் உருவாகியுள்ள கட்டுரைத் தொகுதியையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் அமைப்பைப் பற்றி எழுதுவோர் அவ்வமைப்பின் ஆவண வரிசையையே தம் கட்டுரை வரிசையாக ஏற்றுக்கொள்ளும்போது, அமைப்பு நிறைவேற்றியவை பதிவாகின்றன. அது செய்ய இயலாமற்போனவையும் செய்யாமல் விட்டவையும் பதிவின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றன என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்து. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு இஃது அயலார் சிக்கல் அன்று என்பது மேலே செல்லச் செல்லப் புலப்படும்.

திட்டத்தின் பணிமுறை

விக்கித்திட்டத்திற்குக் கட்டுரைகளின்மீது அதிகாரம் ஏதும் இல்லை. அதில் பெயரைப் பதிவு செய்துகொண்டவருக்கும் பதிவு செய்யாதவருக்கும் திருத்தும் உரிமை ஒன்றே. திட்டத்தின் வலிமை ஒருங்கிணைப்பில் உள்ளது. தொடர்புடைய கட்டுரை ஒவ்வொன்றின் உரையாடல் பக்கத்திலும் திட்டத்தின் வார்ப்புரு ஒட்டப்படுகிறது. அவ்வார்ப்புருவில் இரண்டு அளவீடுகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று தரம்: குறுங்கட்டுரை முதல் சிறப்புக் கட்டுரை வரை செல்லும் படிநிலை. மற்றொன்று முதன்மை: அத்துறையில் அக்கட்டுரை எத்துணை இன்றியமையாதது என்பதன் கணிப்பு. தானியங்கி நிரல் ஒன்று இவ்விரண்டையும் திரட்டி அட்டவணையாக்கித் தருகிறது. அட்டவணையைப் பார்க்கும் தன்னார்வலர் எங்கே உழைக்க வேண்டும் என்பதை ஒரு நோக்கில் அறிந்துகொள்ளலாம்.

இம்முறையால் விளைந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1945ஆம் ஆண்டு 51 உறுப்பு நாடுகளோடு தோன்றிய ஐக்கிய நாடுகள் அமைப்பு, 2011இல் தென் சூடான் இணைந்ததோடு 193 நாடுகளைக் கொண்டதாயிற்று. ஆறு முதன்மை உறுப்புகள், அவற்றின்கீழ் எண்ணற்ற குழுக்கள், நிதியங்கள், சிறப்பு முகவாண்மைகள் என விரியும் இவ்வமைப்பைப் பற்றிய செய்திகளை ஒரே வடிவில், ஒரே பெயரிடல் முறையில் தருவது எளிய செயலன்று. ஈராண்டுக்கொருமுறை மாறிமாறிப் பதவியேற்கும் நிரந்தரமல்லா உறுப்பு நாடுகளின் பட்டியலைப் பிழையின்றி வைத்திருப்பதற்கே இடையறாத கவனம் வேண்டும். கூலி பெறாத மனிதர்கள் இதனைச் செய்துவருகின்றனர். அச்சுக் கலைக்களஞ்சியத்தின் துணைத்தொகுதி வெளிவரும்வரை காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

ஆயினும் இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாவை எழுப்பியாக வேண்டும். கட்டுரைகளின் அடியில் காணப்படும் வழிகாட்டி வார்ப்புருக்களை நோக்கினால் விடை கிடைக்கும். முதன்மை உறுப்புகள், அவற்றின் துணை உறுப்புகள், நிதியங்கள், திட்டங்கள், பதவிகள் என அவை அமைந்துள்ள முறை, ஐக்கிய நாடுகள் அமைப்பு தன்னைப் பற்றி வெளியிடும் அமைப்பு வரைபடத்தின் முறையேயாகும். அலுவலகத்தின் படிநிலை அறிவின் படிநிலையாக மாறிவிடுகிறது. முதன்மை அளவீட்டிலும் இதன் சாயல் படிகிறது. ஓர் உறுப்பு அமைப்பினுள் எத்துணை உயரத்தில் உள்ளதோ அத்துணை உயர்வாக அதனைப் பற்றிய கட்டுரையும் கருதப்படுவது இயல்பாகிவிடுகிறது. 1994ஆம் ஆண்டு நவம்பர் முதல் செயற்பாட்டை நிறுத்திவைத்திருக்கும் பொறுப்பாட்சி மன்றத்திற்கு வரைபடத்தில் உரிய கட்டம் இன்றும் உண்டு. ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றிய குறுகியகாலத் தூதுக்குழுவுக்கு அதில் கட்டம் இல்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது அதே கலைக்களஞ்சியத்தின் இராணுவ வரலாற்றுத் திட்டம். தேர்தல் வழி ஒருங்கிணைப்பாளர்களைத் தெரிவு செய்து, கட்டுரைகளைக் குழுவாக மதிப்பாய்வு செய்யும் வழக்கமுடைய அத்திட்டம், போர்களையும் போர்க்களங்களையும் அலகாகக் கொள்கிறது. பாதுகாப்பு அமைச்சுகளின் துறைப்பிரிவுகளை மட்டும் அது தன் சட்டகமாகக் கொண்டிருந்தால் தோல்வியுற்ற படையெடுப்புகள் எவ்வாறு பதிவாகியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

தீர்மானங்களின் வரிசை

இக்கருத்தைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமான களம் பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானங்கள் பற்றிய கட்டுரைகள் ஆகும். 1946ஆம் ஆண்டின் முதல் தீர்மானம் தொடங்கி இன்றுவரை மன்றம் நிறைவேற்றியவற்றின் எண்ணிக்கை 2,700ஐத் தாண்டியுள்ளது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. தன்னார்வலர்கள் அவ்வெண்களைப் பின்பற்றி நூறு நூறாகப் பட்டியல்கள் அமைத்து, மிகப் பலவற்றுக்குத் தனிக் கட்டுரைகளும் எழுதியுள்ளனர். உழைப்பின் அளவு வியப்பளிப்பது.

இக்கட்டுரைகளில் கணிசமானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தீர்மானம் நிறைவேறிய நாள், மன்றம் எதனை நினைவுகூர்ந்தது, எதனைக் கண்டித்தது, எதனைக் கோரியது, வாக்கு விவரம், இறுதியில் 'மேலும் காண்க' என்னும் இணைப்புகள். மேற்கோளாகக் காட்டப்படுவது பெரும்பாலும் தீர்மானத்தின் மூலப் பாடமே. சார்பற்ற இரண்டாம்நிலைச் சான்றுகளைக் கொண்டே கட்டுரை அமைய வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. அந்நெறிக்கு இவ்வகைக் கட்டுரைகள் முழுமையாகப் பொருந்துவன அல்ல. தீர்மானம் ஏன் தேவைப்பட்டது, வரைவை யார் கொணர்ந்தனர், பேரம் எவ்வாறு நடந்தது, நிறைவேறிய பின் என்ன நிகழ்ந்தது என்பவற்றை மூலப் பாடம் கூறாது. கூறாதவற்றைக் கட்டுரையும் கூறுவதில்லை.

மலேசியாவையும் சிங்கப்பூரையும் சான்றாகக் கொள்வோம். மலாயாக் கூட்டரசை உறுப்பினராக்கப் பரிந்துரைத்த 1957 செப்டம்பர் 5ஆம் நாளைய 125ஆம் தீர்மானமும், சிங்கப்பூரைப் பரிந்துரைத்த 1965 செப்டம்பர் 20ஆம் நாளைய 213ஆம் தீர்மானமும் வரிசையில் தத்தம் இடத்தைப் பெற்றுள்ளன. இவை இரண்டும் எதிர்ப்பின்றி நிறைவேறிய நடைமுறைச் சடங்குகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், மலேசியா தன் பாதுகாப்புக்காக இதே மன்றத்தின் கதவைத் தட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் மோதல் கொள்கை உச்சத்தில் இருந்த 1964 ஆகஸ்டு 17இல் பொந்தியானிலும், செப்டம்பர் 2இல் லாபிஸ் வட்டாரத்திலும் இந்தோனேசியப் படையினர் இறங்கினர். மலேசியா மன்றத்திடம் முறையிட்டது. பல நாள் விவாதத்திற்குப் பின் நார்வே ஒரு வரைவுத் தீர்மானத்தைக் கொணர்ந்தது. செப்டம்பர் 17ஆம் நாள் ஒன்பது உறுப்பினர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர். எதிர்த்தோருள் சோவியத் ஒன்றியம் ஒன்றாதலின், வீட்டோ எனப்படும் தடுப்பு அதிகாரத்தால் வரைவு வீழ்ந்தது.

வீழ்ந்த வரைவுக்கு வரிசை எண் கிடையாது. எண் இல்லாததால் எண்வரிசைக் கட்டுரைத் தொடரில் அதற்கு இருக்கையும் இல்லை. தடுக்கப்பட்ட வரைவுகளின் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் அது நிற்கிறது. மலேசிய வரலாற்றை எழுதுவோருக்கு 125ஆம் தீர்மானத்தைவிடப் பன்மடங்கு பொருளுடையது அந்த ஒரு வரி. மன்றத்தில் ஒன்பது நாடுகள் ஆதரித்தும் ஒரு சிறிய நாடு தான் வேண்டிய தீர்ப்பைப் பெற இயலாமற்போனது எவ்வாறு என்பதை அது காட்டுகிறது. தொடர்ந்து, 1965ஆம் ஆண்டுக்கு மலேசியா மன்றத்தின் உறுப்பினராவதை எதிர்த்து அவ்வாண்டு சனவரியில் இந்தோனேசியா ஐக்கிய நாடுகள் அமைப்பினின்றும் விலகியது. 1966 செப்டம்பரில் மீண்டது. மலேசியா மன்றத்தில் அமர்ந்த அவ்வாண்டில், அதன் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர் இந்திய வம்சாவளி வழக்கறிஞரான இராதாகிருஷ்ண இரமணி. 1965 மே மாதத்தில் மன்றத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. முறையீடு, வீட்டோ, உறுப்புரிமை, விலகல் ஆகிய நான்கும் ஒரே கதையின் நான்கு இயல்கள். எண்வரிசைச் சட்டகம் அக்கதையை நான்கு இடங்களில் சிதறவிடுகிறது.

இதே குறை 1963ஆம் ஆண்டு நிகழ்விலும் தென்படுகிறது. சபா, சரவாக் மக்கள் மலேசியாவில் இணைய விரும்புகின்றனரா என்பதை அறிய ஐக்கிய நாடுகள் அமைப்பு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. லாரன்ஸ் மிச்சல்மோர் தலைமையிலான அக்குழுவின் கண்டறிதல்களை அடிப்படையாகக் கொண்டு பொதுச் செயலாளர் ஊ தாண்ட் செப்டம்பர் 14இல் தம் முடிவை வெளியிட்டார். இரு நாள் கழித்து மலேசியா உருவாயிற்று. அத்தூதுக்குழு பாதுகாப்பு மன்றத் தீர்மானம் ஒன்றின் விளைவன்று. மணிலாவில் மூன்று நாட்டுத் தலைவர்கள் கூடிச் செய்த உடன்பாட்டின் வேண்டுகோளால் அனுப்பப்பட்டது. ஆகவே அதுவும் எண்வரிசைக்குப் புறத்தே நிற்பது.

மௌனத்தைப் பதிவு செய்தல்

தடுக்கப்பட்ட வரைவுக்காவது ஆவண எண்ணும் வாக்கு விவரமும் எஞ்சும். மன்றத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெறாத நிகழ்வுக்கு அவையும் இல்லை. 2009ஆம் ஆண்டு இலங்கையின் வன்னிப் பெருநிலத்தில் போர் இறுதிக்கட்டத்தை அடைந்தபோது, பாதுகாப்பு மன்றம் அதனைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏற்கவில்லை. முறைசாராக் கலந்துரையாடல்களே நடந்தன. அக்காலத்திய மன்றத் தீர்மானங்களின் வரிசையை மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒன்றும் நிகழவில்லை என்றே தோன்றும்.

இம்மௌனத்தை ஆராய்ந்தவையாக இரண்டு அறிக்கைகள் பின்னர் வெளிவந்தன. பொதுச் செயலாளர் பான் கி மூன் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலிலும், சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக மீளாய்வுக் குழுவின் அறிக்கை 2012 நவம்பரிலும் வெளியிடப்பட்டன. பின்னது ஐக்கிய நாடுகள் அமைப்பே தன் தோல்வியை ஆராய்ந்து எழுதியது. 2008 செப்டம்பரில் அதன் பன்னாட்டுப் பணியாளர்கள் வன்னியைவிட்டு அகன்றது முதல் நிகழ்ந்தவற்றை அது எடைபோட்டது. இத்தகைய ஆவணங்கள் இருப்பதால், அமைப்பின் செயலின்மையைச் சான்றோடு எழுத இயலாது என்னும் வாதம் நிற்காது. இயலும், ஆனால் அதற்கு எழுதுபவர் தீர்மான வரிசையினின்று கண்ணை அகற்றி நிகழ்வை நோக்க வேண்டும்.

அமைப்பின் சொல்லும் களஞ்சியத்தின் சொல்லும்

தன்னார்வலர்கள் அமைப்பின் சட்டகத்தைப் பின்பற்றுவதற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. காரணம் கிடைப்பருமையில் உள்ளது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆவணங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் பல பதிப்புரிமைத் தடையற்றவை. ஆய்வு நூல்களும் ஆய்விதழ்களும் விலைக்குரியவை. யுனெஸ்கோ 2013இல் திறந்த அணுக்கக் கொள்கையை மேற்கொண்ட பின்னர் அதன் வெளியீடுகளின் பகுதிகள், உரிய நன்றிக் குறிப்போடு, விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் அப்படியே சேர்க்கப்பட்டுள்ளன. 2020 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் விக்கிமீடியா அறக்கட்டளையுடன் இணைந்து, கொரோனா பெருந்தொற்றுப் பற்றிய தன் படங்களையும் விளக்கங்களையும் திறந்த உரிமத்தில் வழங்கியது.

நோய்த்தொற்றுக் காலத்தில் பொய்ச் செய்தியை எதிர்கொள்ள இவ்வொத்துழைப்புப் பயன்பட்டதை மறுப்பதற்கில்லை. நோயைப் பற்றிய செய்தியை நிறுவனத்திடமிருந்து பெறுவது வேறு. நிறுவனத்தைப் பற்றிய செய்தியை நிறுவனத்திடமிருந்தே பெறுவது வேறு. முன்னது வல்லாரைக் கேட்டல். பின்னது, வழக்கில் ஒரு தரப்பாரையே சாட்சியாக ஏற்றல். கூலி பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என 2014இல் பயன்பாட்டு விதிகளில் சேர்க்கப்பட்ட நிபந்தனை எழுதுபவரின் சார்பைக் காட்ட உதவுகிறது. சான்றின் சார்பைக் காட்ட விதி மட்டும் போதாது. எழுதுபவரின் விழிப்பு வேண்டும்.

இவ்விலக்கம் இருபுறமும் தேவைப்படுவது என்பதற்கு உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் நடந்தது சான்று. அங்கு நோக்கர் தகுதி கோரிய விக்கிமீடியா அறக்கட்டளையின் விண்ணப்பத்தை, தைவான் தொடர்பான காரணங்களைக் காட்டி, சீனா 2020இலும் 2021இலும் தடுத்தது. அரசுகளின் அமைப்பில் இடம் பெற விழையும் கலைக்களஞ்சியம், அரசுகள் விரும்பாத சொல்லையும் எழுதும் உரிமையை விலையாகக் கொடுத்துவிடலாகாது.

தமிழாக்கத்தின் சிக்கல்கள்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. பன்னாட்டு அமைப்புகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளுக்கு ஆங்கிலக் கட்டுரைகளே பெரிதும் மூலமாக அமைகின்றன. அவ்வாறு மொழிபெயர்க்கும்போது மேற்கூறிய சட்டகமும் உடன் வந்துவிடுகிறது. அதற்கு மேலும் தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் உள்ளன.

முதலாவது கலைச்சொல். 'ஐக்கிய நாடுகள் சபை' என முழு அமைப்பையும், 'பொதுச் சபை' என அதன் ஓர் உறுப்பையும், 'பாதுகாப்புச் சபை' என மற்றோர் உறுப்பையும் குறிப்பது நெடுங்கால வழக்கு. ஒரே 'சபை' மூன்று வேறு பொருள்களைச் சுமக்கிறது. 'சபை தீர்மானித்தது' என்னும் தொடரில் யார் தீர்மானித்தார் என்பது மறைந்துவிடுகிறது. 193 நாடுகள் வாக்களிக்கும் மன்றத்தின் பரிந்துரையும், 15 நாடுகள் வாக்களித்து உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவும் ஒன்றெனத் தோன்றுவது சொற்பிழை அன்று; பொருட்பிழை. ஆதலின் முழுமைக்கு 'அமைப்பு', அனைவரும் கூடுமிடத்துக்குப் 'பொதுப்பேரவை', பாதுகாப்புக்குரியதற்கு 'மன்றம்' எனப் பிரித்து வழங்குவது தெளிவு தரும். தமிழகத்தார் 'பொதுச் செயலாளர்' என்பதை ஈழத்தார் 'செயலாளர் நாயகம்' என்பர். முன்னவரின் 'உயர் ஆணையர்' பின்னவரின் 'உயர்ஸ்தானிகர்' ஆவார். ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுவுவதைவிட, இரண்டையும் தலைப்பிலும் வழிமாற்றிலும் ஏற்பதே எல்லா நாட்டுத் தமிழருக்கும் உரிய களஞ்சியத்திற்குத் தகும்.

இரண்டாவது, தீர்மானங்களின் சட்டமொழி. 1967 நவம்பர் 22இல் நிறைவேறிய 242ஆம் தீர்மானம், இஸ்ரேலியப் படைகள் கைப்பற்றிய ஆட்சிப்பகுதிகளினின்று விலகுவதைப் பற்றிக் கூறுகிறது. ஆங்கிலப் பாடத்தில் அவ்விடத்தில் சுட்டும் சார்படை இல்லை; பிரெஞ்சுப் பாடத்தில் உண்டு. விலகல் அனைத்துப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா என்னும் நீண்ட வழக்கு இவ்வேறுபாட்டைச் சுற்றி எழுந்தது. தமிழில் அத்தகைய சார்படையே இல்லை. 'கைப்பற்றிய பகுதிகளிலிருந்து' என்று பெயர்த்தால் வழக்கே மறைந்துபோகிறது. 'அனைத்து' என்றோ 'சில' என்றோ சேர்த்தால் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். இங்கு மொழிபெயர்ப்புப் போதாது. சிக்கலை விளக்கும் பத்தி ஒன்று தமிழில் புதிதாக எழுதப்பட வேண்டும். அரபு, ஆங்கிலம், இரஷ்யம், எசுப்பானியம், சீனம், பிரெஞ்சு ஆகிய ஆறு மொழிகளே அமைப்பின் அலுவல் மொழிகள். தமிழில் எழுதுபவர் எப்போதும் அமைப்புக்கு வெளியே நின்று எழுதுபவரே. அந்நிலையைக் குறையாகக் கருதாமல் நோக்குநிலையாகக் கொள்ளலாம்.

தமிழுக்கு இதில் முன்மரபு இல்லாமலில்லை. 1967இல் தொடங்கிய 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பு, மணவை முஸ்தபாவின் பொறுப்பில் பல்லாண்டு வெளிவந்து கலைச்சொற்கள் பலவற்றை ஆக்கித் தந்தது. ஆயினும் அது நிறுவனத்தின் இதழ். நிறுவனத்தின் குரலைத் தமிழில் ஒலித்தது. தன்னார்வலரின் களஞ்சியம் அதனினும் வேறான கடமையுடையது.

முடிவுரை

விக்கித்திட்டத்தின் தன்னார்வலர்கள் ஒரு பேரமைப்பைப் பற்றிய செய்திகளை ஒழுங்குபடுத்தியது பாராட்டத்தக்கது. அவ்வொழுங்கு அமைப்பினிடமிருந்தே கடன்பெற்றது என்பது அதன் எல்லை. எண்ணிட்டவற்றை எழுதி முடித்த பின் எண்ணில்லாதவற்றைத் தேடுவது எனத் திட்டமிட்டால் அந்நாள் வாராது. எண்கள் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே இருக்கும்.

தமிழில் இப்பணியை மேற்கொள்வோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கத் தேவையில்லை. 1963ஆம் ஆண்டுத் தூதுக்குழு, 1964ஆம் ஆண்டு முறையீடு, 2009ஆம் ஆண்டு மௌனம் என நிகழ்வை அலகாகக் கொண்ட சில கட்டுரைகளைச் செவ்வனே எழுதுவது மேல். அவற்றுக்குரிய சார்பற்ற சான்றுகளைத் தேடும் இடங்கள் நம் அருகிலேயே உள்ளன. 1924இல் தோன்றி 2019இல் நின்ற 'தமிழ் நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கி இன்றும் வெளிவரும் 'தமிழ் முரசு' ஆகிய இதழ்களின் அக்கால ஏடுகள் ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆவணக் காப்பகத்தைச் சார்ந்தவை அல்ல. 'தமிழ் முரசின்' பழைய ஏடுகளைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வழங்குகிறது. பாதுகாப்பு மன்றத்தில் தம் நாடு முறையிட்டபோது இந்நிலத்துத் தமிழர் அதனை எவ்வாறு அறிந்தனர், என்ன எழுதினர் என்பதை அவ்வேடுகளில் தேடலாம். அத்தேடலை மேற்கொள்ளத் தக்கவர்கள் தமிழும் இவ்வட்டார வரலாறும் ஒருங்கே பயிலும் நம் பல்கலைக்கழக மாணவர்களே. ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழ்க் கட்டுரை மூலமாக அமையும் வாய்ப்பு இத்துறையில் அரிதாகவே கிட்டும், இது அத்தகையது.